ஒலிநாடாவில் ஓர் இருமல்

என் மகளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பதை நான் முதன்முதலில் எப்போது கவனித்தேன்?

மலாக்கா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நிரப்பக் கொடுத்த பாரத்தில் இந்தக் கேள்வி மலாய் மொழியில் இருந்தது. எதிரே ஒரு சின்னக் கோடு. நான் முதலில் இரண்டேகால் வயது என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு ஒன்றரை என்று எழுதினேன். அதையும் அடித்தேன். நர்ஸ் மிஸ்ஸி சலித்துக்கொள்ளாமல் இன்னொரு பாரம் கொடுத்தார். அதில் அந்தக் கோட்டை வெறுமையாக விட்டுவிட்டேன். எந்தப் பாரத்திலும் ஓர் இடத்தைக்கூட வெறுமையாக விடாத ஆள் நான். அதன் பிறகு மூன்றரை ஆண்டுகளாகப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதையே கேட்கிறார். ஒவ்வொரு முறையும் வேறொரு பதில் சொல்கிறேன். எதுவும் பொய்யில்லை. எது உண்மை என்றும் தெரியவில்லை.

அப்போது நாங்கள் ரெம்பியாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். தோட்ட வேலைக்கு ஆள் குறைந்து பாதி வீடுகள் காலியாகிவிட்டதால், கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கும் நிர்வாகம் வீடு கொடுத்தது. என் கணவருக்குச் செங் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால், ஓவர்டைம் முடிந்து இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். நான் மலாக்கா டவுனில் பிறந்து வளர்ந்தவள். இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்து, டைப்பிங்கும் முடித்தவள். இருபத்து மூன்று வயதில் கையில் ஒரு குழந்தையோடு தோட்டத்துக்கு வந்தேன். கிளினிக்கில் கொடுத்த எடை அட்டையை பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தேன். எத்தனை மணிக்குப் பால் குடித்தாள், எத்தனை கரண்டி கஞ்சி சாப்பிட்டாள் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். எழுதி வைத்தால் தவறு நடக்காது என்று நினைத்தேன்.

தாய்மார்களை வீட்டுக்கு வந்து பார்க்கும் திட்டம் ஒன்று அந்த வட்டாரத் தோட்டங்களில் நடந்துகொண்டிருந்தது. ஒரு சமூக நல அமைப்பு நடத்தியது. அதற்காக அலோர் காஜாவிலிருந்து ஒரு டீச்சர் வருவார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. கைலியும் சட்டையும் அணிந்து, கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தரையில் உட்கார்ந்துவிடுவார். நாற்காலியைத் துடைத்துப் போட்டால் அதில் தன் பையை வைப்பார். குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது, என்ன சாப்பிடக் கொடுப்பது என்று சொல்லித் தருவார். சொல்லித் தருவது போலவே இருக்காது. என் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எங்க ஆபீஸ்ல கூட இவ்ளோ சுத்தமா எழுத மாட்டோம் மா. இந்த லயத்துல மத்த அம்மாக்களுக்கும் நீங்கதான் ஒத்தாசையா இருக்கணும்" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. லயத்தில் என்னோடு சேர்த்து ஆறு தாய்மார்கள் அந்தத் திட்டத்தில் இருந்தோம். மற்ற ஐந்து பேரின் பாரங்களையும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அவர்களுடைய பிள்ளைகள் பேசிய சொற்களை நானே கேட்டு எழுதினேன்.

என் மகளுக்கு இரண்டு வயது முடிந்த சமயத்தில் திட்டத்தில் இன்னும் பல தோட்டங்கள் சேர்ந்தன. டீச்சரால் எல்லா வீட்டுக்கும் வர முடியவில்லை. அதனால் தோட்டத்துக்கு ஒரு டேப் ரெக்கார்டர் கொடுத்தார்கள். கைப்பிடி வைத்த சின்னக் கறுப்புப் பெட்டி. அது துணிப் பையில் மாற்று பேட்டரிகளோடு வீடு வீடாகச் சுற்றி வரும்; மற்ற நேரத்தில் என் பொறுப்பில் இருக்கும். உங்கள் முறை வரும் நாளில் டேப்பின் முதல் பக்கத்தில் குழந்தையோடு பத்து நிமிடம் பேசிப் பதிய வேண்டும். வெள்ளிக்கிழமை தோட்டத்து வேன் அலோர் காஜாவுக்குப் போகும்போது தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை ஆயா எல்லா டேப்புகளையும் கட்டிக் கொடுத்தனுப்புவார். டீச்சர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் காரோட்டிக்கொண்டே, காரில் இருக்கும் டேப்பில் போட்டுக் கேட்பார். பிறகு எங்காவது மரத்தடியில் நிறுத்தி இரண்டாம் பக்கத்தில் பதில் பேசிப் பதிவார். அடுத்த வாரம் டேப் திரும்பி வரும். அவர் நேரில் வருவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று ஆகிவிட்டது.

எனக்கு அந்த ஏற்பாடு நிம்மதியாக இருந்தது. நேரில் வந்தால் வீடு, குழந்தை, என் முகம் எல்லாம் தெரியும். டேப்பில் நான் கொடுப்பது மட்டும்தான் தெரியும். இந்த நிம்மதியைப் பற்றி அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

சிவப்பு பட்டனையும் அதன் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்கினால்தான் பதியும். மகள் தரையில் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் ஆனதும் ஓடவிட்டுக் கேட்டேன். என் குரல் மட்டும்தான் இருந்தது. "இது என்னா? சொல்லு சாமி. இது என்னா? மூடி. சொல்லு, மூடி. இங்க பாரு. இது என்னா?" இடையிடையே பாட்டில் மூடி உருளும் சத்தம். அழித்துவிட்டு மறுபடியும் பதிந்தேன். மறுபடியும் நான் மட்டும்தான். மூன்றாவது தடவை அவள் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் செய்தாள். அதை ஒரு சொல்லாக எழுதலாமா என்று யோசித்தேன்.

ஊமையாக இருந்த பிள்ளையில்லை அவள். சிரிப்பாள், கத்துவாள், கையைப் பிடித்து இழுத்துப் போவாள். லோரி வந்தால் வாசலுக்கு ஓடுவாள். அதனால் காதைப் பற்றி எனக்குச் சந்தேகம் வரவில்லை. வந்ததா? இங்கேதான் எனக்குக் குழப்பம். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், பல நேரம் திரும்பமாட்டாள். பிடிவாதம் என்று சொல்லிக்கொண்டேன். டவுன் பிள்ளை மாதிரி கூச்சம் என்று சொல்லிக்கொண்டேன். என் தம்பிகூட மூன்று வயதில்தான் பேசினான் என்று யாரும் கேட்காமலே எல்லாரிடமும் சொன்னேன்.

நாலாவது தடவை பதிந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்காவின் மகள் பின்கதவு வழியாக உள்ளே வந்தாள். அக்கா அந்தத் திட்டத்தில் சேராதவர்; காலையில் செம்பனைப் பழம் பொறுக்கப் போவார். மத்தியானம் திரும்பியதும் அசந்து படுத்துவிடுவார். அந்த நேரத்தில் அவருடைய மகள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். என் மகளைவிட இரண்டே மாதம் மூத்தவள். வாய் ஓயாது.

"இது என்னா பெட்டி? பாப்பா மூடி வச்சி வெளாடுது. எனக்கு? பிஸ்கட்டு ஒடஞ்சி போச்சி, வேற குடு சித்தி. தண்ணி."

நான் பட்டனை நிறுத்தவில்லை.

ஓடவிட்டுக் கேட்டபோது ஒரு தாயும் ஒரு குழந்தையும் பேசிக்கொள்வது போலவே இருந்தது. நான் கேட்கிறேன், சின்னக் குரல் பதில் சொல்கிறது. அந்தக் குரல் யாருடையது என்று டேப் சொல்லவில்லை. நானும் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது. யாரும் கேட்டால் சொல்லிவிடலாம். ஆனால் நடுவில் ஒரே ஓர் இடத்தில் 'சித்தி' என்று இருந்தது. எந்தப் பிள்ளையும் பெற்றவளைச் சித்தி என்று கூப்பிடாது. டேப்பைப் பின்னால் ஓட்டி, சரியாக அந்த இடத்துக்கு முன் நிறுத்தி, சிவப்பு பட்டனை அமுக்கி ஓர் இருமல் இருமினேன். உடனே நிறுத்தினேன். 'சித்தி' போய்விட்டது.

நான் செய்தது பொய்யா, இல்லையா என்று எனக்குள் நடந்த வழக்கெல்லாம் அந்த இருமலோடு முடிந்துவிட்டது. அது பொய்தான். பிறகு பாரத்தில் 'குழந்தை பேசிய சொற்கள்' என்ற இடத்தில் பென்சிலால் எழுதி, மேலே பேனாவால் எழுதி, பென்சிலை அழித்தேன்.

அடுத்த வாரம் டேப் திரும்பி வந்தது. இரண்டாம் பக்கத்தில் டீச்சரின் குரலுக்குப் பின்னால் ஒரு லோரி கடந்து போகும் சத்தம் கேட்டது.

"வணக்கம் மா. ரோட்டோரமா நிப்பாட்டிட்டுப் பேசுறேன். பாப்பா பேச்சக் கேட்டு சிரிச்சிக்கிட்டே வந்தேன். பிஸ்கட்டு ஒடஞ்சி போச்சி, வேற குடுங்கிறாங்க பாருங்க, கெட்டிக்காரி. போன தடவ நான் பாத்தப்ப கொஞ்சம் அமைதியா இருந்தாங்க, எனக்கு மனசுல ஒரு மாதிரியா இருந்திச்சி. இப்ப நிம்மதி. அப்புறம் உங்களுக்கு இருமல் போல. இஞ்சி தட்டிப் போட்டுக் காப்பி குடிங்க மா."

அந்த வாரம் அதை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. 'கெட்டிக்காரி' என்ற இடம் வந்ததும் பின்னால் ஓட்டி மறுபடியும் கேட்பேன். 'மனசுல ஒரு மாதிரியா இருந்திச்சி' என்ற இடத்தைத் தாண்டிவிடுவேன்.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால், என் கணவர் ரெக்கார்டரின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அன்று சீக்கிரம் வந்திருந்தார். பட்டனை அமுக்கிப் பார்த்திருக்கிறார். முதல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தலையை அசைத்து அசைத்துக் கேட்டார்.

"நம்ம பாப்பாவா இது?"

நான் துண்டால் முடியைத் துவட்டிக்கொண்டே இருந்தேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"இவ்ளோ பேசுறாளா? எங்கிட்ட ஒண்ணும் பேச மாட்டேங்கிறாளே." மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அப்பாகிட்டயும் பிஸ்கட்டு கேளு. கேளு லா. அப்பா கடையையே வாங்கிட்டு வரேன்."

அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து அவர் ஏதாவது வாங்கி வர ஆரம்பித்தார். பலூன், கலர் பென்சில், ரப்பர் வாத்து. கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து காத்திருப்பார். இரண்டு வாரம் போனதும், "வீட்டுல இருந்தாதான புள்ளைக்கு அப்பன் யாருன்னு தெரியும். எம்மேல கோவமா இருக்குறா" என்றார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் நின்று சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். 'அது நம்ம பாப்பா குரல் இல்லைங்க.' சொல்லவில்லை. எங்கள் முறை மறுபடியும் வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணை நானே பிஸ்கட் காட்டிக் கூப்பிட்டேன்.

மூன்றாவது முறை டேப் வந்தபோது இரண்டாம் பக்கத்தில் டீச்சர் வேறொன்று பதிந்திருந்தார். ஆறு தாய்மார்களுக்கும் ஒன்றேதான்.

"இது ஒரு வெளையாட்டு மா. டேப்ப பாப்பா முதுகுப் பக்கமா வச்சிப் போடுங்க. நீங்க கூப்பிடாதீங்க. தரைய மிதிக்காதீங்க. ஒவ்வொரு சத்தத்துக்கும் பாப்பா திரும்புதா இல்லையான்னு மட்டும் எழுதுங்க."

லோரி. தகர டின்னில் தட்டும் சத்தம். மோட்டார் ஹாரன். அப்புறம் தம்ளரில் கரண்டி, சாவிக்கொத்து, மணி, கடைசியில் டீச்சரின் மெல்லிய குரல்: "பாப்பா... பாப்பா..."

லோரிக்குத் திரும்பினாள். டின்னுக்குத் திரும்பினாள். ஹாரனுக்குச் சற்று யோசித்துத் திரும்பினாள். கரண்டிக்குத் திரும்பவில்லை. சாவிக்குத் திரும்பவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று மாற்று பேட்டரி போட்டேன். அவளுக்குப் பசியாக இருக்கும் என்று சோறு ஊட்டிவிட்டு மறுபடியும் செய்தேன். மூன்றாவது தடவை ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே வந்தாள். 'பாப்பா' என்ற அந்த மெல்லிய குரல் வந்ததும் சட்டென்று சுற்றிப் பார்த்து, "யாரு சித்தி கூப்புடுறா?" என்றாள். என் மகள் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதும் ஒரு பிடி இருந்தது எனக்கு. தினமும் சாயங்காலம் சாமிப் படத்துக்கு முன் விளக்கேற்றி மணி அடிப்பேன். எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் என் மகள் ஓடி வந்து கைகூப்பி நிற்பாள். மணி காதில் விழாமலா வருகிறாள்? அன்று சாயங்காலம் விளக்கேற்றவில்லை. லைட்டும் போடவில்லை. அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். விளக்கில்லாமல் மணி அடிப்பது தப்பு என்று மனசு அடித்துக்கொண்டது. அடித்தேன். கை வலிக்க அடித்தேன். அவள் திரும்பவில்லை. பிறகு தீக்குச்சியைக் கிழித்துத் திரியில் வைத்தேன். சுவரில் வெளிச்சம் ஆடியதும் எழுந்து ஓடி வந்து கைகூப்பி நின்றாள்.

அவள் இத்தனை நாளும் விளக்கைப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

மறுநாள் வியாழக்கிழமை. மத்தியானம் அவள் தூங்கிய பிறகு ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டேன். டீச்சரின் முகத்தைப் பார்த்து என்னால் சொல்லியிருக்க முடியாது. கடிதம் எழுதியிருந்தால் நல்ல நல்ல வாக்கியங்களாகப் போட்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். பட்டனை அமுக்கியதும் டேப் சுற்ற ஆரம்பித்தது. அது எனக்காகக் காத்திருக்காது. "டீச்சர், நான்தான் பேசுறேன். இதுல இருந்தது எம்பொண்ணு இல்ல. எம்பொண்ணு ஒரு வார்த்தகூடப் பேச மாட்டேங்கிறா. மணி அடிச்சாத் திரும்பல டீச்சர்" என்று ஆரம்பித்தேன். பிறகு என்னென்ன பேசினேன் என்று நினைவில்லை. இருமலைப் பற்றியும் சொன்னேன். டேப் தானாக நின்றபோதுதான் பக்கம் முடிந்துவிட்டது தெரிந்தது. ஓடவிட்டுக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஆயாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். துணி ஊற வைத்துக்கொண்டிருந்தபோது பயம் வந்தது. திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்களோ, மற்ற தாய்மார்களிடம் சொல்லிவிடுவார்களோ என்று. ஈரக் கையோடு ஓடினேன்.

"வேன் இப்பதான் போச்சி" என்றார் ஆயா. "என்னா, பேரு எழுத மறந்திட்டியா? உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கே."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் டீச்சரின் கார் லயத்துக்குள் வந்தது. என் கணவர் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர், பசியாறிட்டீங்களா?" என்று கேட்டவர், நான் வெளியே வருவதற்குள் தன் குறையையும் சொல்லத் தொடங்கிவிட்டார். "டீச்சர், உங்ககிட்டதான் கேக்கணும். டேப்புல அவ்ளோ பேசுறா. எங்கிட்ட வந்தா வாயத் தொறக்க மாட்டேங்கிறா. ஞாயித்துக்கெழம வேலயக்கூட விட்டுட்டேன். நான் என்னா தப்பு பண்ணேன்னே தெரியல."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வாசற்படியில் நின்றேன். அவர் கோபமாக இருந்தாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அத உங்க வீட்டுக்காரம்மா சொல்லுவாங்க" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் என் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

மோட்டாரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். நான்கைந்து வாக்கியம்தான். என் கணவர் கையில் இருந்த துணியைப் பிழிந்தார், உதறினார், மறுபடியும் பிழிந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் உள்ளே போய் மகளின் முதுகுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, "பாப்பா" என்றார். கொஞ்சம் உரக்க, "பாப்பா" என்றார். டீச்சர் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று தலையை மெதுவாக அசைத்தார்.

என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப எம்மேல கோவம் இல்ல" என்றார்.

அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. மகளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த அதே நிமிடத்தில் ஒரு தகப்பனுக்கு நிம்மதி வருகிற அளவுக்கு நான் அவரை நோகடித்திருக்கிறேன். பிறகுதான் அவர் அழுதார். டீச்சர் எழுந்து போய் என் அடுப்படியில் தானே காப்பி கலக்கினார்.

"திட்டுங்க டீச்சர்" என்றேன்.

"திட்டலாம். திட்டுனா பாப்பாக்குக் கேக்குமா?" சீனி டப்பாவைத் தேடினார். "நானும் யோசிச்சிக்கிட்டேதான் வந்தேன் மா. போன தடவ வீட்டுக்கு வந்தப்ப எனக்கு ஒரு சந்தேகம் இருந்திச்சி. அப்புறம் உங்க டேப்பக் கேட்டேன், சந்தேகத்த விட்டுட்டேன். டேப்பு நல்லாக் கேட்டிச்சி, நானும் நல்லாக் கேட்டேன். வந்து பாக்கல. அது என் தப்பு. ரெண்டு பேரும் தப்பு பண்ணிட்டு உக்காந்திருந்தா வேலைக்கு ஆகாது. நாளைக்குக் காலையில கிளினிக்குக்குப் போறோம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி வாங்குறோம். பாப்பாவோட அட்ட எங்க?"

அட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டால் அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக் கொடுத்தேன். நோட்டையும் கொடுத்தேன். கரண்டிக் கணக்குகளுக்கு நடுவே 'கூப்பிட்டேன், திரும்பவில்லை' என்று அங்கங்கே சின்ன எழுத்தில் நானே எழுதி வைத்திருந்ததை டீச்சர்தான் எனக்குக் காட்டினார். முதல் குறிப்பு அவளுக்கு ஒரு வயதும் நான்கு மாதமும் ஆனபோது எழுதியது. எழுதியது எனக்கு நினைவே இல்லை. டாக்டருக்கு அந்த நோட்டு மிகவும் உதவியது என்று பின்னால் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

அதன் பிறகு திட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. பேசுகிற பிள்ளைகளின் வீட்டுக்கு டேப் போகும். சரியாகப் பேசாத பிள்ளைகளின் வீட்டுக்கு டீச்சரே மாதம் ஒரு முறையாவது வருவார். ரெக்கார்டரை எங்கள் வீட்டுக்கு அனுப்புவதை அவர் நிறுத்தவில்லை. குழந்தை பேசாவிட்டாலும் பதியச் சொன்னார். "நீங்க பேசுறதக் கேட்டு நீங்களே கத்துக்கலாம்" என்றார். கேட்டேன். கேள்வி கேட்டுவிட்டு நான் ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அக்காவிடமும் போய்ச் சொன்னேன். அவர் மகளின் குரலை அவரிடம் கேட்காமல் எடுத்தவள் நான். அக்கா தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"எம்பொண்ணு டீச்சர் கார்லல்லாம் பேசியிருக்காளா? ஏன் தங்கச்சி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா சட்ட மாத்தி அனுப்பியிருப்பேன்ல."

"டேப்புல சட்ட தெரியாதுக்கா."

"மூக்கையாவது தொடச்சி அனுப்பியிருப்பேன் லா." சிரித்தவர் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார். "நாங்கூடப் பாத்தேன், கூப்பிட்டாத் திரும்பாதேன்னு. படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு வாய மூடிக்கிட்டேன். இனிமே எம்பொண்ணு தெனமும் வருவா. பாப்பா மூஞ்சிக்கு நேரா உக்காந்து பேசச் சொல்லுறேன். அவளுக்குத்தான் வாய் வலிக்காதே."

பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்தார்கள். கனத்த சத்தங்கள் ஓரளவு கேட்கின்றன, மெல்லிய உயர்ந்த சத்தங்கள் கேட்கவில்லை என்றார்கள். காத்திருந்த பிறகு, காதில் மாட்டும் மெஷின் இரண்டு கிடைத்தது. முதல் நாள் பிடுங்கி எறிந்தாள். இரண்டாம் நாளும் எறிந்தாள். அக்கா ஒரு நூலால் மெஷினைச் சட்டையோடு கோத்துவிட்டார். நான்காம் நாள் நான் பாத்திரம் கழுவும்போது ஒரு கரண்டி தரையில் விழுந்தது. அவள் திடுக்கிட்டு அழுதாள். அழுகை நின்றதும் எழுந்து வந்து, அந்தக் கரண்டியை எடுத்துத் தானே கீழே போட்டாள். மறுபடியும் எடுத்துப் போட்டாள். அன்று சாயங்காலம் வரை எங்கள் வீட்டில் கரண்டி விழுந்துகொண்டே இருந்தது. என் கணவர் வேலையிலிருந்து வந்ததும் அவரும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்தார்.

எட்டு மாதம் கழித்துத் தெளிவாக ஒரு சொல் வந்தது. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. சுவரில் ஊர்ந்த பல்லியைக் காட்டி, "என்னா?" என்றாள். என்னிடமிருந்து ஆயிரம் தடவை கேட்ட சொல். நான் பதில் சொன்னேன். அடுத்து கூரையைக் காட்டினாள். அந்த வாரம் முழுக்க எனக்குத்தான் பரீட்சை.

இப்போது அவளுக்கு ஆறு வயது. அலோர் காஜாவில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். பேசுகிறாள். சில எழுத்துகள் வாயில் நிற்பதில்லை, வீட்டில் எல்லாருக்கும் புரிகிறது, கடையில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவிடம் பேசுவதுதான் அதிகம். டீச்சர் இன்னமும் வருகிறார். இப்போது வேறு இளம் தாய்மார்களின் வீடுகளுக்கு என்னையும் சில நாள் கூட்டிப் போகிறார். டேப்பை எப்படிப் பதிவது என்று நான் சொல்லிக் கொடுக்கிறேன். குழந்தை பேசவில்லை என்றால் பேசவில்லை என்றே பதியுங்கள் என்று சொல்லும்போது, ஏன் என்று யாரும் கேட்டால் என் கதையைச் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு அவள் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. பதிவுக்குப் போனபோது தலைமையாசிரியரிடம் மெஷினைப் பற்றி நானே முதலில் சொல்லிவிட்டேன். முன் வரிசையில் இடம் தருவதாகச் சொன்னார். பள்ளிக்கு இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டி வர வேண்டுமாம். போன வாரம் சீருடை வாங்கி வந்து, பழகட்டும் என்று சடை பின்னிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தாள். காதுக்குப் பின்னால் இரண்டு மெஷினும் தெரிந்தன. ரிப்பனை அவிழ்த்து, முடியை இரண்டு பக்கமும் இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

"இப்படி விடு மா. யாருக்கும் தெரிய வேணாம்."

என் கணவர், "புள்ள இஷ்டம், விடு" என்கிறார். டீச்சர், "அவளே ஒரு நாள் பின்னிக்குவா, பொறு" என்கிறார். நான் மறைத்ததால் என் மகள் சில மாதங்களை இழந்தாள். அதனால் மறைக்கக் கூடாது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் நான் மறைத்தது என் வெட்கத்தை. அவள் மறைக்கக் கேட்பது தன் காதை. அது அவளுடையது. முடியை இறக்கிவிட்டால் மற்ற பிள்ளைகள் கேலி செய்யமாட்டார்கள். ஆனால் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்கள். பின்னிவிட்டால் எல்லாருக்கும் தெரியும், உரக்கப் பேசுவார்கள். முதல் நாளே அழுதுகொண்டு வந்தால் என்ன செய்வது?

இப்படி ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர் உங்களில் இருப்பீர்கள். சின்ன வயதில் மெஷின் மாட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தவர்களும் இருக்கலாம். முதல் நாள் காலையில் சீப்போடு அவள் பின்னால் நிற்கும்போது நான் என்ன செய்யட்டும்? உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள், அது சரியாக வந்ததா, வராவிட்டால் பிறகு எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். பள்ளி திறக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.